கேமராவுக்கு வெளியே ஒரு நாற்காலி

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறையில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அது போதும். குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கிய அப்பா, சொட்டிக்கொண்டிருந்ததை ஒழுக வைத்திருக்கிறார், பிளம்பரைக் கூப்பிடலாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். உன் தம்பி புது வேலைக்குப் போகிறான், சட்டையை மட்டும் இன்னும் நான்தான் தேய்க்க வேண்டுமாம்.

உங்கள் கம்பெனிக்கு முதலீடு போட வருகிறவர்களிடம் மாப்பிள்ளையே பேசட்டும், நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன், நீ அவரைத் தயார் செய்துவிடு அம்மா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத முடியவில்லை, போன வாரம் நம் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து வீடியோவில் நான் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான், எந்த நாட்டுக்காரரிடம் முடியாது என்று நேராகச் சொல்லலாம், யாரிடம் பார்க்கலாம் என்று இழுத்தால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார், இதையெல்லாம் புதுத் தொழில் தொடங்கியவர்களுக்கு வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை வந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. கரண்ட் இல்லாத இடத்திலும் தடுப்பூசியைக் குளிர்ச்சியாக வைக்கிற பெட்டி செய்கிறார்கள். செய்கிறார்கள் என்ன, செய்தவள் அவள். பேச்சு கொஞ்சம் திக்கும், ஆனால் பயிற்சியில் கேட்டதற்கெல்லாம் அவளிடம்தான் பதில் இருந்தது. எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, திக்குகிற ஆளை வெளிநாட்டுக்காரர் முன்னால் வைத்தால் காரியம் கெட்டுவிடும், அவங்க கேமராவுக்கு வெளியே நாற்காலி போட்டு அட்டையில் எழுதிக் காட்டட்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவளே அதைத்தான் விரும்புறா மேடம், கூச்ச சுபாவம் என்றான் புருஷன். அவளைக் கேட்டேன். அவனைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள்.

முதலீட்டாளரோடு பேசிய அன்று நான் என் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் கண் இடது பக்கம் ஓடும், படித்துவிட்டுத் திரும்பி நான் யோசித்தேன், நான் சோதித்தேன் என்பான். அந்த முதலீட்டாளர் அம்மாள் குரலை உயர்த்தாமல், உங்களோடு அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கூப்பிட்டு உட்கார வைத்து இவள்தான் செய்தவள் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. அவன் சிரித்துக்கொண்டே யாரும் இல்லை என்றான். அவள் அட்டையை மேசையில் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவன் கண் இடது பக்கம் போய்ப் போய் வெறுமனே திரும்பியது, பார்க்கலாம், பார்க்கலாம் என்று உளறினான், அந்த அம்மாள் நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டார். உடனே எனக்குப் போன் செய்து, கவுத்துட்டா மேடம் என்கிறான். மேனேஜர் சிரிக்கிறார், அடுத்த தடவை அவங்களை ஸ்கிரீனுக்குப் பின்னால் உட்கார வைப்போம், கண்ணு ஓடாது என்று. இந்த ஆளுக்கு இனி நான் சொல்லித்தர மாட்டேன் என்றேன், சொல்லித்தர வேறு ஆள் இருக்கிறார் என்றார், இருக்கட்டும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அந்த ஆளும் முதல் நாள் அவளுக்கு முதுகு வலிக்கும் என்று தலையணை எடுத்து வைத்தவன்தான். வீட்டுக்கு வருகிறவர்களை வாயைத் திறக்க விடமாட்டாய் நீ, அந்த வாயை அட்டையில் எழுதிக் காட்டவா வளர்த்தேன்? அவருக்குத் தனியாகச் சொல்லித்தர மாட்டேன், அத்தை இப்படிச் சொன்னாங்க என்று நீயே சொல்லிவிடு, கோபம் வந்தால் என்னிடம் பேசட்டும்.

இருவரும் மனசு கோணாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன், உங்கள் இரண்டு பேர் நாற்காலியும் கேமராவில் தெரிந்தால்தான் பயிற்சியின் முதல் கேள்வி.

உன் அம்மா