வேன் கூரையில் நீ போட்ட வயர்

கீழ்ப்பிரிவு லயம்,
யட்டியாந்தோட்டை.
புதன்கிழமை

தம்பி இந்திரகுமாருக்கு அக்கா பிரேமலதா எழுதுறது. நலம், நலமறிய ஆவல்னு எழுத இந்தத் தடவ எனக்கு மனசு வரல. போன்ல பேசினா பாதியில வச்சிடுற. அதான் உன் கேம்ப்ல வயரிங் வேலை செய்ற பாஸ், மாவனல்லை ஸம்சுதீன் நானா லீவு முடிஞ்சு கட்டாருக்குத் திரும்புறப்ப, அவர் கையில இதைக் குடுத்து விடுறேன். முழுசா படிச்சிட்டு அப்புறம் கோபப்படு.

ஞாயித்துக்கிழமை பகல் என்ன நடந்துச்சின்னு நீ கேக்கவே இல்ல, நானே சொல்றேன். வெள்ளைக்காரங்க படுத்துத் தூங்கி ஊர் சுத்துறதுக்குன்னு நீ செஞ்சு வச்சிட்டுப் போன கேரவன் வேன்ல உன் மருமக நிலுஷா படுத்திருந்தா. லயத்து அறையில வெக்கை, வேன்ல மாமா போட்ட ஃபேன் சுத்துதுன்னு போன பிள்ள. கட்டிலுக்கு அடியில பேட்டரிப் பக்கமிருந்து புகை. உன் மச்சான் ஓடி அவளைத் தூக்கி வெளிய விட்டுட்டு பேட்டரி வயரைப் பிடுங்கினாரு. அப்பவும் சோலார் பெனல் வயர் இறங்குற கூரை ஓட்டையில பொறி நிக்கல. வெயில் இருக்கிற வரைக்கும் பெனல்ல கரண்ட் வந்துகிட்டே இருக்குமாம். அதை எங்களுக்கு யாரு சொன்னா? கூரையில ஏறி தார்ப்பாய்ப் படங்கைப் போட்டு பெனலை மூடின பிறகுதான் அடங்குச்சு. அவரு வலது உள்ளங்கை வெந்துபோச்சு. அந்தக் கையாலதான் ரப்பர் பால் வெட்டணும்.

ஸம்சுதீன் நானா வந்து பார்த்துட்டுத் தலையில கை வச்சிட்டாரு. தகரத்துல ஓட்டை போட்டு, அந்த விளிம்பு மேலயே வயரை விட்டிருக்க. வேன் ஆட ஆட வயர்த் தோல் அறுந்திருக்கு. மழைத் தண்ணி இறங்காம இருக்க ஒட்டுப்பாலைச் சுத்தி வச்சிருக்க பாரு, உன் மூளையே மூளை! தோட்டத்துல பைப்பு ஒழுகினா சுத்துறதுடா அது. பொறி பட்டதும் பந்தம் மாதிரி பத்திக்கிச்சு. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல செம்புக் கம்பி. லயத்துல ஃபியூஸ் போற நேரமெல்லாம் அப்பா கம்பி முறுக்கிப் போடுவாரு, நீ அதையே அங்கயும் செஞ்சிருக்க. வேலை தெரிஞ்ச ஒரு வயரிங் பாஸைக் கூப்பிடுன்னு அன்னைக்கே சொன்னேன். சூரிய வெளிச்சம்தானே, என்ன செஞ்சிடப் போகுதுன்னு சிரிச்ச.

நேத்து போன் எடுத்து பெனல் உடைஞ்சதா, பேட்டரி தப்பிச்சதான்னு கேட்ட. அப்புறம் வயரை மட்டும் மாத்திட்டு சனிக்கிழமை கித்துல்கலைக்கு வண்டியை வாடகைக்கு ஹயர் அனுப்பச் சொன்ன. சின்னப் பிள்ளைகளோட வர்ற குடும்பமாம். வெக்கமா இல்லையாடா உனக்கு? அந்தக் கட்டில்ல யாரு பெத்த பிள்ளையோ படுக்கப் போகுது. சாவி என்கிட்ட இருக்கு. பேட்டரிக்குப் பக்கத்துலயே சரியான ஃபியூஸ், பெனலை நிறுத்த ஒரு சுவிட்ச், ஓட்டை விளிம்புக்கு ரப்பர் வளையம், தடிச்ச வயர்னு ஸம்சுதீன் நானா சொன்ன ஆள் வந்து எல்லாத்தையும் புதுசா போடட்டும். அது வரைக்கும் வண்டி நகராது. உன் மச்சான் உனக்குத் தலையாட்டுவாரு, நான் ஆட்ட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உச்சி வெயில்ல நிக்காத. முருகன் உன்னைக் காப்பாத்தட்டும்.

மூணு நாளா நிலுஷா, "மாமா என்னையக் கேட்டாரா?"ன்னு கேக்குறா. கேட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். இது கையில கிடைச்சதும் போன் எடுத்து அவகிட்ட பேசுடா.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அக்கா
பிரேமலதா