கல்விக் கட்டணமாக அரியணை

மழை மாறாதிருக்க, மண் குளிர்ந்திருக்க. மூன்று ஏரிக்கும் அரைக் குன்றுக்கும் அதிபதியாகிய கொன்றைநாட்டு அரசி கோப்பெருந்தேவி வல்லிநாச்சி, முகில்மலைக் கடிகையின் தலைமை ஆசான், வாதுக்கு வந்தாரை வாயடைக்கும் வாதகேசரி நெடுங்கண்ணனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மாணாக்கர் பெருகுக. தங்கள் மலையில் தேனும் தினையும் குறைவின்றி விளைக. எம் பெயருக்கு முன் 'களிற்றுப்படை உடையாள்', 'இரும்புக் கதவம் காத்தாள்' என்னும் விருதுகளைப் பொறிக்க ஓலை எழுதுவார் எழுத்தாணியை எடுத்தார். களிறுகளும் கதவமும் இப்போது தங்களிடம் இருத்தலின், பொய் எழுத வேண்டாமென்று தடுத்துவிட்டோம்.

எமக்குப்பின் நாடாளப் போகிறவளாயிற்றே, நாலும் தெரிந்து வரட்டும் என்று எம் ஒரே மகள் நீலவேணியைத் தங்கள் கடிகைக்கு அனுப்பினோம். முதலாண்டுக் கட்டணமாக யானைகளைக் கேட்டீர்கள், கொடுத்தோம். மறு ஆண்டு, சுவடிச்சாலைக்குக் கதவில்லை என்று கோட்டைக் கதவைக் கேட்டீர்கள்; கழற்றிக் கொடுத்தோம். கதவு போன சூட்டோடு பகைவனாகிய கருங்குன்றத்தான் படையுடன் வந்தான். திறந்து கிடந்த கோட்டையைக் கண்டு, இதில் ஏதோ பெருஞ்சூழ்ச்சி இருக்கிறதென்று அஞ்சி, வந்த வழியே ஓடினான். அதையும் தாங்கள் விடவில்லை. 'கதவின்றிக் காத்தல்' என்று புதுப் பாடம் வகுத்து, அதற்குத் தனிக் கட்டணமென எம் வெற்றி முரசைக் கொண்டுபோனீர்கள். எம் வெற்றியை எம் மகளுக்குக் கற்பிக்க எம்மிடமே கூலி வாங்கிய தங்கள் திறத்துக்குத் தலைவணங்குகிறோம், வயிறும் எரிகிறது.

ஆசானை வாதில் வென்றவரே கடிகையை விட்டு வெளியேறலாம் என்பது தங்கள் விதி. நல்ல விதிதான். ஆயினும், எம் மகள் வெல்லும் தறுவாயில் தாங்கள் மௌன விரதம் பூணுவதும், விரதம் முடிவதற்குள் அடுத்த ஆண்டு பிறப்பதும், பிறந்த கையோடு கட்டண ஓலை வந்து இறங்குவதும் எந்த நூலில் கண்ட முறை? பேசாத ஆசானுக்கும் கட்டணம் உண்டோ என்று எம் தூதர் குணசீலர் வினவியதற்கு, மௌனமே உயர்நிலைப் பாடம், ஆகவே கட்டணம் இரட்டிப்பு என்று பலகையில் எழுதிக் காட்டினீர்களாம். மௌனம் யாம் அறியாததன்று. மறைந்த எம் கணவர் யாம் கேட்ட கேள்வி எதற்கும் வாய் திறந்ததில்லை. அதற்காக அவர் கட்டணமும் கேட்டதில்லை.

இப்போது அரியணையைக் கேட்டிருக்கிறீர்கள். அரசாளக் கற்றுத் திரும்பும் பெண் எதில் அமர்ந்து ஆள்வாள் என்று எம் அவை கலங்கி நிற்கிறது. பாய் ஒன்று இருக்கிறது என்றார் அமைச்சர். அவரைப் பேசாதிருக்கச் சொன்னோம்.

இனி உண்மைச் செய்தி. இத்தனை ஆண்டாகியும் ஏன் வெல்லவில்லை என்று தூதர் எம் மகளைத் தனியே கேட்டார். அவள் விடையை அவள் வாய்மொழியாகவே எழுதுவிக்கிறோம்: "எப்பவோ ஜெயிச்சிருப்பேன். தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஆசான் முகம் சின்னதாப் போயிடுது, பார்க்கப் பொறுக்கலை. விரதம் இருங்கன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தூதர் வந்ததும் சொல்லிவிட்டார். யாம் முதலில் சிரித்தோம், பிறகு அழுதோம். தோற்று நிற்பவன் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு அரசாள இதற்குமேல் என்ன கற்க வேண்டும்? யானைகள் போனதும் தகும். அதைக் கற்பித்தது தங்கள் பாடமோ, தங்கள் முகமோ, யாம் ஆராயவில்லை. எம் மகளை எமக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஆதலின் அரியணையை வண்டியில் ஏற்றிவிட்டோம். எம் நாட்டு வழக்கப்படி அரியணை தனியே போகாது. அதன்முன் தீராமல் நிற்கும் வழக்கும் உடன் போகும். ஒரு பலாமரத்துக்காகப் பல்லாண்டாய் வழக்காடும் கீழைத்தெரு அண்ணனும் தம்பியும், அவர்தம் மனைவியரும், சாட்சிகளும் பின்வண்டிகளில் வருகிறார்கள். அரியணையை ஏற்பவரே அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தாங்கள் மௌனம் பூண்டால், அது தன் பக்கத் தீர்ப்பென்று அண்ணனும் சொல்வான், தம்பியும் சொல்வான். இருவரும் தங்கள் வாசலை விட்டு நகரார்.

இது வேண்டாமெனில் வழி ஒன்று உண்டு. முகத்தை வாடவிடாமல் ஒரே ஒருமுறை தோற்றருள்க.

வண்டிகள் மலையடிச் சத்திரத்தில் நிற்கின்றன. இவ்வோலை எழுதப்பட்டதும் அங்கேதான், யாமும் வந்திருக்கிறோம். முத்திரை மோதிரம் சென்ற ஆண்டுக் கட்டணத்தில் போய்விட்டதால், அரக்கில் எம் கட்டைவிரலையே ஊன்றியிருக்கிறோம். சுட்டுவிட்டது. அந்தக் காந்தல் அடங்குமுன் எம் மகள் மலையிறங்கி வரவேண்டும். இஃது ஆணை.