உடம்பைக் காட்டவில்லை என்றால்

ராஜபாளையம்
நவம்பர் 14, இரவு

அன்புள்ள இர்ஃபானா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அத்தாவிடமும் தங்கை சனாவிடமும்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, கெஞ்சிக் கேட்கிறேன். ஃபோனில் சொல்ல வழியில்லை. அப்பாவின் ஃபோன் இப்போது எந்நேரமும் அம்மா கையில்தான். பாண்டிசெல்வி உங்கள் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறாளே, அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், பள்ளிக்குப் போகிறேன். செண்பகத்தோப்பு ஓடையில் வெள்ளம் வந்து அண்ணன் போன நாளிலிருந்து நான் அழவே இல்லை. உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

அண்ணனோடு நாம் மூன்று பேரும் சேர்ந்து பார்த்த சீரிஸில் நோவன் செத்தான் இல்லையா? ஊரைக் காப்பாற்ற அந்த ஆண்ட்ராய்டு ரோபோ உலைக்குள் போனதும் கதவு மூடிக்கொண்டது, அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அண்ணனின் ரசிகர் குழுவில் ஒரே தியரிதான். நோவனின் நினைவெல்லாம் செயற்கைக்கோளில் பத்திரமாக இருக்கிறது, வேறு உடம்பில் வருவான் என்று ஒருவர். இயந்திரத்துக்கு ஏது சாவு, பழுதுதான் என்று ஒருவர். 'உடம்பைக் காட்டவில்லை என்றால் சாகவில்லை' என்று எல்லாரும்.

அண்ணன் போனது அவர்கள் யாருக்கும் தெரியாது. "கௌதம் ப்ரோ, எங்க ஆளையே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணனின் பழைய ஃபோன் என்னிடம் இருக்கிறது. அவன் இறந்துவிட்டான் என்று எழுதத்தான் அதை எடுத்தேன். விரல் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தியரி எழுதினேன். கடைசிக் காட்சியை நிறுத்திப் பார்த்தால் மூடிய கதவின் அடியில் நீல வெளிச்சம் ஒருமுறை மின்னுகிறது, நோவன் வருவான் என்று. எல்லாரும் கொண்டாடிவிட்டார்கள். கொஞ்ச நேரம் அண்ணன் மாடியில் இருப்பது போல இருந்தது. மறுநாளும் எழுதினேன்.

அதைப் பக்கத்து வீட்டு ஜெபக்குமார் அண்ணன் பார்த்துவிட்டு, "யக்கா, கௌதம் எழுதியிருக்கான் பாருங்க" என்று அம்மாவிடம் காட்டிவிட்டார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அந்தப் புள்ளிக்குக் காவல் இருக்கிறாள்.

கருமாதியை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று அப்பா சொன்னார். அம்மா சோற்றுக் கரண்டியோடு திரும்பி, "எம்புள்ள பேசிக்கிட்டு இருக்கான், நீரு அவனுக்குப் பிண்டம் வைக்கப் போறீரோ? ஒத்தச் செருப்புதான கெடைச்சுது, உடம்பு கெடைச்சுதா?" என்று கேட்டாள்.

குழுவில் சொல்கிற அதே பேச்சு, இர்ஃபானா. நான் என்ன செய்ய?

சிவரஞ்சனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
நவம்பர் 17

ஏட்டி சிவா,

உன் பாண்டிசெல்விக்கு மூளை இருக்கிறதா? கடிதத்தை உயிரியல் நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். நான் பார்ப்பதற்குள் டீச்சர் அந்த நோட்டைத் திருத்த வாங்கிவிட்டார். தலைவலி என்று பொய் சொல்லி, ஸ்டாஃப் ரூமில் நுழைந்து எடுத்தேன். பயப்படாதே, யாரும் பார்க்கவில்லை. கிழித்தும் விட்டேன்.

நீ கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன். அந்தப் பதிவுகளை நானும் பார்த்தேன். உன் அண்ணன் எழுதியதில்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நோவன் வருவான் என்று கௌதம் அண்ணன் ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா? அந்தக் குழுவிலேயே வரமாட்டான் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தானே! "வந்தா நல்லதுதானண்ணே" என்று உங்கள் மாடியில் நான் கேட்டதற்கு என்ன சொன்னார்?

"ஏட்டி, அவன் போனதுக்கு நம்ம எம்புட்டு அழுதோம். திரும்பக் கொண்டாந்துட்டா, அந்த அழுகைய யாருகிட்டப் போயித் திருப்பிக் கேப்ப?"

"போண்ணே, நீயெல்லாம் ஒரு ரசிகனா?" என்று நீ தலையணையால் அடித்தாய்.

அந்தச் செருப்பு எங்கள் கடையில் எடுத்தது. அந்த மாடலை அத்தா இப்போது கடைவாசலில் தொங்கவிடுவதில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடு, சிவா. நீயே சொல். வேறு யார் வாயாலும் அவர்களுக்குத் தெரியக்கூடாது. உனக்குப் பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் வாரேன். சேர்ந்து சொல்வோம். பாதித் திட்டு எனக்கு.

உன் இர்ஃபானா


ராஜபாளையம்
நவம்பர் 19, இரவு

அன்புள்ள இர்ஃபானா,

இதையும் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வரை நேரமில்லை.

இன்று ஐயாதுரை மாமா வந்திருந்தார். நாளைக் காலையில் அம்மாவை விருதுநகருக்கு, சைபர் கிரைம் ஆபீஸுக்குக் கூட்டிப் போகிறார். "எந்த எடத்துல இருந்து எழுதுதான்னு அவிய கண்டுபிடிச்சிருவாக. நீ அழாத, பயல காதப் பிடிச்சுத் தூக்கிட்டு வாரேன்" என்றார். அம்மா சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மாமா போன பிறகு அண்ணனின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுப் பையில் வைத்தாள். வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டுமாம். "அவன் வந்தா ஒண்ணும் கேக்காதட்டி. என்னத்துக்கோ பயந்து ஒளிஞ்சிருக்கான்" என்றாள். தலையாட்டினேன். எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. பயம் மட்டும் மரத்துப்போகாமல் இருக்கிறது.

அவர்கள் கண்டுபிடிக்கிற இடம் இந்த அறைதான். அம்மா யாரோ ஒரு ஆபீஸில், மடியில் சட்டையை வைத்துக்கொண்டு, அதைக் கேட்பாள்.

நீ எழுதியது சரி. நான் அண்ணன் மாதிரி எழுதவில்லை. அம்மா மாதிரி எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். அண்ணனின் ஃபோன் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குழுவைத் திறந்து, 'நான் கௌதம்ராஜின் தங்கை. அண்ணன் இறந்துவிட்டான். நோவன் வரமாட்டான்' என்று தட்டி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. முதலில் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் உன்னிடம்

கதவு தட்டுகிறது.

"ஏட்டி, முழிச்சிருக்கியா? அடியில வெளிச்சம் தெரியுது. பச்ச எரியுதுட்டி! அண்ணன் இருக்கான். வா, வந்து பாரு."

மற்ற நாட்களில் இந்தக் குரல் கேட்டதும் ஃபோனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

இர்ஃபானா, இன்றைக்கு அணைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப்