பரீட்சை முடியும்வரை

பிப்ரவரி 10, செவ்வாய்

இல்லை, பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்திருக்கிறது என்றும் எழுத வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஏழு மாதம். குளிர் பழகிவிட்டது. மொழியும் பாதி பழகிவிட்டது. கைதான் பழகவில்லை. ஊரில் ஐந்து வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை பார்த்த கை. இங்கே நான் உதவியாளர். நரம்பு எனக்குத் தெரிகிறது. ஊசியை வேறொருத்தி போடுகிறாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நவம்பரில் தேறியிருந்தால் நானும் நர்ஸ். நோயாளியின் முன்னால் செய்துகாட்ட வேண்டிய தேர்வு. கை நடுங்கிவிட்டது. மார்ச் 12 இரண்டாவது முறை, அதுவே கடைசி. தேறாவிட்டால் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பிப்ரவரி 14, சனி

அப்பா வீடியோவில். பஸ்ஸில் முப்பது வருடம் விசில் ஊதியவர். இப்போது ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்குகிறது. இதயம் பலவீனம். கிளம்பும்போதே தெரியும். தெரிந்துதான் வந்தேன்.

"ஏம்மா, தட்டு தூக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன?"

"ஒரு தடவதானப்பா பெயிலு."

"இதெல்லாம் ஒரு பெயிலா? நான் எட்டாங்கிளாஸ்ல மூணு வருசம் இருந்தேன். வாத்தியாரே மாறிட்டாரு, நான் மாறல."

காலைக் காட்டச் சொன்னேன். நீர் கோத்து வீங்கியிருந்தது. தம்பி விரலால் அழுத்தினான். விரலை எடுத்த பின்பும் குழி அப்படியே நின்றது. மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"நான் வரட்டுமாப்பா?"

"வந்து? என் கால அமுக்கிப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா? பாஸ் பண்ணிட்டு வா."

இப்போது போனால் தேர்வு கைவிட்டுப் போகும். அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அறைத்தோழி எனக்கு நான்கு வருடம் முன்பு வந்தவள். எல்லாருக்கும் அவள் ‘சீனியர்’. சோபாவில் நோயாளியாகப் படுத்துக்கொண்டாள்.

"ஐயோ சிஸ்டர், வலிக்குதே!"

"இன்னும் தொடவே இல்லக்கா."

"தொடாமலே வலிக்கற கேஸும் வரும். படிச்சவதான நீ, சமாளி."

சிரித்துக்கொண்டே மூன்று முறை கட்டுப் போட்டேன். பிறகு வழக்கமான திட்டு: "எச்சி தம்ளர கழுவாம வெச்சா அது தானா நடந்து போயி குளிச்சுக்குமா?"

பிப்ரவரி 26, வியாழன்

போன் செய்தேன். அப்பா தூங்குகிறாராம்.

பிப்ரவரி 27, வெள்ளி

அப்பா குளிக்கிறாராம்.

பிப்ரவரி 28, சனி

அம்மா வீடியோவில் வந்தாள். தம்பியும் பக்கத்தில். இருவரும் போனை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி.

"அப்பா இப்பதான் சாப்ட்டுட்டுப் படுத்தாரு."

"மாத்திர போட்டாரா?"

"போட்டாருடி. நான்தான் கையில குடுத்தேன்."

அவள் தலைக்குப் பின்னால் அலமாரியில் மாத்திரைப் பெட்டி. நான் வாங்கி வைத்துவிட்டு வந்தது. வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனிக் கட்டம், உள்ளே தெரிகிற மூடி. ஞாயிறிலிருந்து புதன்வரை காலி. வியாழன், வெள்ளி, இன்று சனி — மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"சரிம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கலாம் அல்லவா? அங்கே அவர்களே மாத்திரை கொடுப்பார்கள். இருக்கலாம். ஆனால் அப்பாவை அங்கே தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

எழுத வேண்டியதை எழுதாமல் இந்தப் பக்கம் முடிகிறது.

மார்ச் 1, ஞாயிறு

அப்பா இல்லை.

எழுதிவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

ஊரில் ஐசியு வாசலில் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்: "பையன் வெளிநாட்ல இருக்கான் சிஸ்டர். போன் பண்ணுவான். நல்லாருக்காருன்னு மட்டும் சொல்லிருங்க." சொல்லியிருக்கிறேன். ஒருமுறை, உடலைத் துணியால் மூடிவிட்டு வந்து, கையைக் கழுவிவிட்டுச் சொன்னேன். "தூங்கறாரு தம்பி." அந்தப் பக்கம் அந்தப் பையன் "சரி" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்குமா?

மார்ச் 5, வியாழன்

மூன்று நாளாக என் தம்ளரைச் சீனியரே கழுவி வைக்கிறாள். திட்டு இல்லை. வீட்டிலிருந்து அவளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தெரியும். பருப்பில் உப்பு போதுமா என்று பேசிக்கொள்கிறோம்.

மார்ச் 7, சனி

அவர்கள் எனக்காக மறைக்கிறார்கள். சரி. நான் யாருக்காகக் கேட்காமல் இருக்கிறேன்?

ஒரு வார்த்தை கேட்டால் போதும், தம்பி உடைந்துவிடுவான். பிறகு தெரியாததுபோல் இருக்க முடியாது. போகவேண்டும். போனால் தேர்வு இல்லை, இந்த நாடு இல்லை. அப்பாதானே பாஸ் பண்ணிவிட்டு வரச் சொன்னார் — என்று எழுதிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை.

எல்லாம் முடிந்திருக்கும். இனி போய் என்ன? இதையும் எழுதிப் பார்க்கிறேன். அம்மா இருக்கிறாளேடி. அவ இருக்காளே. இருபத்திரண்டு வயசுப் பையன் தனியா நின்னு எல்லாத்தையும் பண்ணிருக்கானே. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 10, செவ்வாய்

தம்பி: "அப்பா ஆல் த பெஸ்ட் சொல்லச் சொன்னாருக்கா." பாதியில் குரல் கம்மியது. சளியாம்.

"ஆவி பிடிடா" என்றேன்.

மார்ச் 12, வியாழன்

நோயாளி ஒரு கிழவர். வயிற்றில் அறுவை சிகிச்சை. கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, புதுக் கட்டு போட்டு, ஊசி போட்டு, செய்ததையெல்லாம் அடுத்த நர்ஸுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பின்னால் கோப்போடு தேர்வாளர்கள் இரண்டு பேர். கிழவர் பயத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்தேன். எனக்குக் கை நடுங்கவில்லை. ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தேறிவிட்டேன். கோப்புக்காரம்மா கைகொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ்களைப் போகவிட்டேன். நான் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள்.

"ரிசல்ட் என்னக்கா?"

"பாஸ்டா."



"எங்க இருக்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? நின்னுக்கிட்டு இருந்தா உக்காருக்கா."

முதல்முறை கேட்பவள்போல அழவேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அம்மா போனை வாங்கினாள். "தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவேன்னுதான்டி சொல்லல. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? பாவிங்க நாங்க, மூஞ்சியப் பாக்கக்கூட விடல உன்ன. எங்கள மன்னிச்சிரும்மா."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

"ஓடி வந்திருப்பேன்மா" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். காரணம்: தந்தையின் மரணம். அடுத்த கட்டத்தில் மரணத் தேதி கேட்டிருந்தார்கள். தம்பிக்குப் போன் செய்து கேட்டேன். பிப்ரவரி 26, விடியற்காலை. அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாளைய விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன்.