அடக்கமான பின் வேலைநிறுத்தம் செய்த சின்னத்துரை

அனுப்புநர்:
பெ. சீனிச்சாமி,
உதவியாளர் மற்றும் கிளைச் சங்கப் பிரச்சாரச் செயலாளர்,
ராஜபாளையம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: மறைந்த திரு. சின்னத்துரை, இளநிலை உதவியாளர் – இறந்த பின் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை – ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அலுவலகத்தில் பணிபுரிந்த சின்னத்துரை கடந்த செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார். மம்சாபுரத்தில் நடந்த அடக்கத்தில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஆகவே அவர் இறந்தது குறித்து எனக்கு ஐயமில்லை. எங்கள் துறைக்குத்தான் இருக்கிறது.

2. அவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர். மனைவி ஏசம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. மகள் அக்சாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும்.

3. மறைந்த உறுப்பினருக்குச் சங்கக் கொடி போர்த்துவது எங்கள் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைச் செயலாளர் சமுத்திரம், "பத்து வருசம் எங்ககூட இருந்த ஆளு, எங்க கொடிதான்" என்றார். எங்கள் செயலாளர் சேதுபதி, "சாகும்போது எங்க ஆபீஸ்வே" என்றார். இரண்டு கொடியையும் போர்த்தி, எது மேலே என்பதில் இழுபறியானது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தவன் நான். பாஸ்டர் வேதாகமத்தை மூடிவைத்துக் காத்திருந்தார். "ரெண்டையும் எடுங்கய்யா, அவிய மொகத்த நான் செத்த நேரம் பாக்கணும்" என்று ஏசம்மாள் கேட்ட பிறகே விட்டோம்.

4. அந்த வெட்கத்தில் கல்லறைத் தோட்டத்திலேயே கூட்டம் போட்டோம். பழைய ஓய்வூதியம் கேட்டு இரண்டு ஊரும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்வதென்று முடிவானது. "கடைசி நேரத்துல நீங்க நழுவிருவீக." "யாரு, நாங்களா? போன தடவ வயித்துவலின்னு லீவு போட்டது யாருவே?" என்கிற அளவுக்கு ஒற்றுமை ஏற்பட்டது. சின்னத்துரை பேரில் சத்தியமும் செய்தோம்.

5. அந்த நாளும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் முதலில் வெளியே நிற்கட்டும் என்று நாங்களும், ராஜபாளையம் நிற்கட்டும் என்று அவர்களும் உள்ளே போய்க் கையெழுத்திட்டோம். சமுத்திரம் போனில், "அம்புட்டு பேரும் வாசல்ல வெயில்ல நிக்கோம், நீங்க?" என்று முழங்கினார். "நாங்களும்தான்" என்று சேதுபதி முழங்கினார். இரு முனையிலும் மின்விசிறிச் சத்தம் கேட்டது. முழக்கங்களை எழுதித் தந்தவனாகிய நான், சைக்கிள் ஸ்டாண்டுச் சந்து வழியாக எல்லோருக்கும் முன்பே உள்ளே போயிருந்தேன். அந்தச் சந்து என் தொப்பைக்குப் போதாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

6. வராதவர் எத்தனை பேர் என்று மேலிடத்தில் கேட்டார்கள். எங்கள் கண்காணிப்பாளர், "சைபர்னு சொன்னா நம்ப மாட்டாக, ஒருத்தரையாவது காட்டணும்" என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். மாதம் பிறந்ததும் போன மாதப் பெயர்களை அப்படியே பார்த்து எழுதியதில் சின்னத்துரையும் இருந்தார். கையெழுத்தில்லாத பெயர் அது ஒன்றுதான். "இவரு வந்து சண்டை போட மாட்டாரு" என்று அதையே அனுப்பினார். நாங்கள் சிரித்தோம் ஐயா. வடை தின்றுகொண்டே சிரித்தோம்.

7. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ்க் குற்றச்சாட்டுக் குறிப்பாணை மம்சாபுரம் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் போனது. மகளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதென்று நினைத்த ஏசம்மாள், உறையைப் பிரிக்காமலே ஜெபம் செய்து, அக்கம்பக்கத்துக்குச் சீனி கொடுத்திருக்கிறார். பிறகுதான் அக்சா பிரித்து வாசித்தாள். அலுவலகம் வந்து கேட்ட ஏசம்மாளிடம் கண்காணிப்பாளர், "விளக்கம் அவிய கையெழுத்துல வேணும்மா" என்றார். இப்போது, தந்தை மீது ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளதென்று அக்சாவின் கருணை வேலை விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது.

8. சங்கம் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தத்தின் முதல் வீரர் எங்கள் கிளைக்காரர் என்று இரண்டு கிளையும் தனித்தனியே பிளக்ஸ் வைத்திருக்கின்றன. குறிப்பாணையை நீக்கக் கேட்டு மனுப் போடுவோம் என்றால் மட்டும், "நாம எழுதினா, நாம உள்ள இருந்தது ஊருக்குத் தெரிஞ்சிரும்லா" என்கிறார்கள். ஆகவே இம்மனுவில் ஒரு கையெழுத்துதான் உள்ளது.

9. எனவே ஐயா அவர்கள் சின்னத்துரை மீதான குறிப்பாணையை ரத்து செய்து, அக்சாவின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அனுப்பிய கணக்கில் ஒருவர் குறையக் கூடாதென்றால், அவர் இடத்தில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கையெழுத்திட்டதைத் தவிர அன்று நான் எந்த வேலையும் பார்க்கவில்லை என்பதற்கு அலுவலகமே சாட்சி. கூப்பிட்டால் நேரில் வருவேன். விளக்கத்தையும் என் கையெழுத்திலேயே தருவேன்.

இடம்: ராஜபாளையம்
நாள்: 11.11.2024

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
பெ. சீனிச்சாமி