எந்தப் பக்கத்து இறகு

ராஸ் அல் கைமா

அன்பு உமாராணிக்கு,

நீயும் அத்தையும் பாப்பாவும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அறையில் இருக்கும் பாண்டித்துரை லீவில் ஊருக்கு வருகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

என் முதலாளி வெளிநாடு போய் வில்லால் வேட்டையாடுகிறவர். வண்டி ஓட்டாத நேரத்தில் அவருடைய அம்புகளுக்கு வான்கோழி இறகு ஒட்டுவதும் என் டூட்டிதான். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகில் எடுத்ததாக இருக்க வேண்டும். போன வாரம் இடதையும் வலதையும் கலந்து ஒட்டிவிட்டேன். அம்பு ஆடி ஆடிப் போய் மணலில் விழுந்தது. அவர் திட்டவில்லை. "கல்லாஸ் பாய், போனது போகட்டும், எல்லாத்தையும் பிரிச்சு ஒட்டு. நான் வேட்டைக்குப் போய்ட்டு வந்தப்புறம் லீவு" என்று இந்தியில் சொன்னார். அதனால் பொங்கலுக்கு இல்லை, சித்திரையில் வருவேன். இப்போது தொட்டாலே எந்தப் பக்கத்து இறகு என்று சொல்லிவிடுவேன்.

பாண்டித்துரையிடம் பருப்புப் பொடி கொஞ்சம் கொடுத்துவிடு. முதலாளி கூப்பிடுகிறார்.

போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது. நம் பாப்பாவின் மச்சம் எந்தக் கன்னத்தில்? நீ எடுக்கும் செல்ஃபியில் ஒரு பக்கம் இருக்கிறது, அத்தை எடுத்த படத்தில் மறுபக்கம் இருக்கிறது. நான் இன்னும் நேரில் பார்க்கவில்லையே.

அழகுராஜா