வாலெலும்புப் புண் ஆறிவிட்டது, அக்கா

என் உயிரான சாந்தாக்காவுக்கு,

நேற்று நான் உட்கார்ந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கருங்கல் ஜங்ஷனில் என் தையல் கடையில், மிஷின் முன்னால், காலை முதல் மதியம் வரை உட்கார்ந்து நாலு ஜாக்கெட் தைத்தேன். "இது ஒரு பெரிய காரியமாக்கும்!" என்று நீ சிரிப்பாய். பெரிய காரியம்தான் அக்கா.

மூன்று மாதத்துக்கு முன்பு எனக்கு வாலெலும்பில், புட்டம் பிரியும் இடத்தில், ஒரு கட்டி வந்தது. உட்கார்ந்தால் உயிர் போனது. கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு வலி என்றேன். மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. அப்போதுதான் உன் நினைவு வந்தது.

நீயும் இப்படித்தானே செய்தாய்? சர்க்கரை உள்ள உடம்பில், தொடையிடுக்கில் வந்த புண்ணை மூன்று வாரம் சேலைக்குள் மறைத்தாய். அப்போது உன் வீட்டில் தங்கியிருந்த எனக்கு வாடை வந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லட்டி, வேர்க்குரு" என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டே நாளில் நீ போய்விட்டாய். அந்த வாடை வந்த அன்றே உன்னைப் பிடித்து நிறுத்திப் பார்த்திருந்தால்? நான் ஏன் பார்க்கவில்லை அக்கா?

காய்ச்சல் அடித்த அன்று மாலையே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்டோவின் பின்சீட்டில் குப்புறக் கிடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். தையல் போடவில்லை. அடியிலிருந்து ஆறித்தான் மேலே வரவேண்டுமாம். அதுவரை தினமும் கழுவி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் குழிக்குள் மெல்ல வைக்கவேண்டும். கண்ணாடி வைத்து, கழுத்து சுளுக்கும்வரை திரும்பிப் பார்த்தேன். கையும் எட்டவில்லை, புண் கண்ணுக்கும் தெரியவில்லை.

நர்ஸ் சிஸ்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் பின்வாங்கினார்.

"நமக்கு ஒத்து வராது சிஸ்டர். கை விறைக்குது."

"தினமும் ரப்பர் மரம் சீவுற கையில்லா? உள்ள காயம் படாம பட்டையைச் சீவத் தெரியும், இது தெரியாதா? இங்கோட்டு வாங்க."

தினமும் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். டார்ச் அடிப்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முன்னால் நான் அப்படிக் கிடந்ததில்லை. முதல் நாள், "கண்ணை மூடிட்டு வைங்க" என்றேன்.

"கண்ணை மூடினா எங்க வைக்க மக்கா?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

ஐந்தாவது வாரம் மேல்தோல் கூடிவிட்டது. எனக்குச் சந்தோஷம். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற சமயம் வேறு. அவர் மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உள்ள வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இனியும் கீறுவாங்க. நான் வரல்ல."

"உனக்க அக்காளும் இப்படித்தான ஒண்ணுமில்லன்னு சொன்னா?"

உன்னைப் பற்றி அவர் அப்படிப் பேசியதே இல்லை. எழுந்து அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே சீழ் இருந்தது. திரும்பவும் கீறி, முதலிலிருந்து தொடங்கினோம். யூனிபார்ம் வேலை வேறு கடைக்குப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

போன திங்கட்கிழமை சிஸ்டர் அழுத்திப் பார்த்தார். "அடிவரைக்கும் ஆறியாச்சு. இனி துணி வேண்டாம்."

என் வீட்டுக்காரர் வெளியே வந்து, எதிர்த்த டீக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர், "என்ன விசேஷம்?" என்றார்.

"எனக்க பெண்டாட்டிக்குப் புண்ணு ஆறிட்டு!"

"எங்க புண்ணு?"

அவர் விழித்தபடி என்னைப் பார்த்தார். கடை முழுக்க ஆம்பிளைகள். நான் சத்தமாகவே சொன்னேன்: "வாலெலும்புல!"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அக்கா. கடைக்காரர் தலையாட்டிவிட்டு டீ ஆற்றப் போனார். இவ்வளவுதானா? இதற்கா நீ உயிரைக் கொடுத்தாய்?

அளவு கொடுக்க என் கடைக்கு எத்தனை பெண்கள் வருகிறார்கள்! இனி ஒருத்தி நடக்கவோ உட்காரவோ தயங்கினால் சும்மா விடமாட்டேன். திரைக்குப் பின்னால் நிறுத்திக் கேட்பேன். வேர்க்குரு என்றால் நம்பமாட்டேன். கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
விமலா